தேவாலயம் காணச் செல்லும் சிறுவர்

நெய்வேலி நகரியத்துத் தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்குக் கிறிஸ்து மார்க்கம் இன்னதென்று அறிவிக்கப் பாடபுத்தகத்தின் ஒரு பக்கமே அமையும் என்பார் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் பல மாவட்டங்களினின்றும் வந்தோர் குடியேறிய ஊர் அது. ஒரே வட்டத்தில் ஒரே தெருவில் பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். கிறிஸ்துமஸ் பலகாரம் வேலி கடந்து செல்கின்றது. ஆயினும், அதனை அனுப்பிய வீட்டார் ஞாயிறுதோறும் எங்குச் சென்று யாது செய்கின்றனர் என்பதை உண்ட பிள்ளை அறியாது.

ஏழு வயதுப் பிள்ளைக்குச் சமயம் கொள்கையாக விளங்காது. கண்ட பொருளாக விளங்கும். ஞானஸ்நானத் தொட்டியைக் கண்டால், "இதில் யாரைக் குளிப்பாட்டுவார்கள்?" என்று கேட்கும். திருவிருந்து மேசையைக் கண்டால், "இதில் யார் சாப்பிடுவார்கள்?" என்று கேட்கும். இவ்வினாக்களுக்கு விடையிறுத்தலே பாடம். வேறு பாடம் வேண்டா.

இயலுமாயின் விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்திற்கும் அவர்களை அழைத்துச் செல்லலாம். 1711-இல் தமிழகம் போந்த வீரமாமுனிவர் எழுப்பிய கோவில் அங்குளது. அன்னை மரியாள் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில், பெரியநாயகி என்னும் பெயர் தாங்கி நிற்கின்றார். 'இஃது அயல்நாட்டார் மார்க்கம்' என்று கேட்டுப் பழகிய சிறுவன் அவ்வுருவின்முன் சற்றே நின்று நோக்குவான் அன்றோ? தேம்பாவணியின் 3,615 பாடல்களும் அவன் வளர்ந்தபின் வரட்டும். (தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய நம்முள் அவற்றை முற்றும் ஓதினார் எத்துணையர் என்பது வேறு கதை.)

இனி, அழைத்துச் செல்வோர் கொள்ளவேண்டிய எச்சரிக்கையொன்று உண்டு. முழுதும் அரசு நிதியால் நடைபெறும் பள்ளியில் சமய போதனை கூடாதென்றும், அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியிலும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் இசைவின்றிச் சிறுவரைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ ஈடுபடுத்தலாகாதென்றும் நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு விதிக்கின்றது. ஆதலின், "கிறிஸ்தவர் இவ்வாறு நம்புகின்றனர்" என்று கூறுதல் தகும். "நீயும் இவ்வாறு நம்புக" என்றல் தகாது. 'அங்ஙனமாயின் நம் சாட்சி எங்கே?' என்று சபையார் சிலர் முணுமுணுப்பர். நம்மை நம்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் அறியாது ஜெபம் கற்பித்தல் சாட்சியன்று, களவு.

நம் பிள்ளைகளும் பிறர் வழிபடும் இடங்களைக் காணல் வேண்டும். நெய்வேலிக்கு அணித்தே வடலூர் உளது. 1867-இல் இராமலிங்க அடிகளார் நிறுவிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிந்து, வருவோர்க்கெல்லாம் சோறளிக்கின்றது. பசித்தோர்க்கு உணவிடுக என்று ஓய்வுநாட் பள்ளியில் மனப்பாடம் செய்யும் நம் பிள்ளை அவ்வடுப்பைக் காணாதிருப்பது ஏன்? அங்குச் சென்றுவர நம் பெற்றோர் இசைவரா? இசையாரெனின், தேவாலயம் காண உங்கள் பிள்ளையை அனுப்புக என்னும் கடிதத்தில் ஒப்பமிடுமாறு அடுத்த வீட்டாரை எம்முகத்தோடு கேட்பது?