தன்னார்வலர் என்பது பதவியா, ஏமாற்றா?

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' 2024-இல் ஐ.நா. விருது பெற்றது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. நடக்க முடியாத கிழவியின் வீட்டுக்கு இயன்முறை மருத்துவரும், படுத்த படுக்கையான நோயாளியிடம் செவிலியரும் வருகிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. மருத்துவர் ஒருவரையே நம்பியிராமல் குழுவாகப் பார்க்கும் மருத்துவம் என்கிறார்கள்.

அந்தக் குழுவில் யார் எங்கே நிற்கிறார்கள்?

வீடு வீடாக ஏறி இறங்குபவர் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து எடுக்கப்பட்ட பெண். மற்றவர்களுக்கு ஒப்பந்தமாகவாவது 'பணி' என்று பெயர் உண்டு. இவருக்கு மட்டும் 'தன்னார்வலர்'. தொடங்கியபோது 4,500 ரூபாயும், ஊக்கத்தொகை 1,000 ரூபாயும் தந்தார்கள். 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 211 ரூபாய். அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த கூலியே 273 ரூபாய்! பாதி நாள் வேலைதானே என்பார்கள். சாயங்காலம் கதவைத் தட்டி "அக்கா, அம்மாவுக்குத் தலை சுத்துது" என்று கூப்பிடுபவர்கள் அந்தக் கணக்கில் வருகிறார்களா?

குழுவிலேயே அதிகம் தெரிந்தவரும் அவர்தான். சில ரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரியவைக்கும். நடவு வயலில் கழிப்பறை ஏது? நாள் முழுக்க அடக்கிக்கொண்டு குனிந்து நிற்க வேண்டிய பெண் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். பதிவேட்டில் 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று ஏறும், பழி நோயாளி மேல் விழும். ஏன் நிறுத்தினார் என்பது அதே தெருவில் வாழும் பெண்ணுக்குத் தெரியும். மருத்துவர் மருந்தை மாற்றித் தரலாம். ஆனால் 'தன்னார்வலர்' சொல்வதைக் கேட்டு மருந்துச்சீட்டை மாற்றும் மருத்துவர்கள் எத்தனை பேர்? தெரிந்தவர் கீழே, தீர்மானிப்பவர் மேலே. அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இந்தப் படிக்கட்டு புதிதல்ல.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கக் கையைத் தொட்டுப் பட்டை கட்ட வேண்டும். சேரியிலிருந்து வரும் பெண் ஊர்த்தெருவில் எந்த வாசலில் நிறுத்தப்படுகிறார்? ஊர்த்தெருப் பெண் சேரிக்குள் எத்தனை வீடுகளில் உட்கார்ந்து பேசுகிறார்? எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேருக்கு மாத்திரை என்று எண்ணிக்கொண்டே இருக்கும் துறை இதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இவர்களில் தலித் பெண்கள் எத்தனை பேர், எந்தத் தெருவுக்கு யார் போகிறார் என்ற விவரத்தை வட்டாரவாரியாக வெளியிடுங்கள். தன்னார்வலர் என்ற பெயரை எடுத்துவிட்டு இடஒதுக்கீட்டோடு நிரந்தரப் பணி கொடுங்கள். மருத்துவர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். நிதி இல்லை என்று யாராவது சொன்னால், விருதுச் செய்தியைப் பாராட்டி வைத்த பேனர்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள் தோழர்களே.