மண்ணுக்குக் கீழும் செடி உண்டு

பெங்களூருவில் கோடை மழை பெய்து ஓய்ந்த சில நாள்களுக்குள், தோட்டப் பாத்திகளிலும் பூந்தொட்டிகளிலும் பள்ளி வளாகங்களின் ஓரங்களிலும் மும்மூன்று சிற்றிலைகளைக் கொண்ட ஒரு செடி தலைகாட்டுவதைப் பலரும் கண்டிருப்பர். இலையைக் கிள்ளி வாயிலிட்டால் புளிக்கும். மாணவன் அதனைக் கொணர்ந்து காட்டினால், ‘இது புளியாரை’ என்று ஆசிரியர் கூறிவிடுகிறார். தோட்டக்காரர் காட்டினால், ‘இது களை, கொத்திவிடுக’ என்று களப்பணியாளர் கூறிவிடுகிறார். இவ்விரு விடைகளும் பல சமயங்களில் பிழையாகின்றன. பிழை சிறிது, அதனால் விளையும் கேடு சிறிதன்று.

புளியாரை என்னும் பெயரே ஒரு நல்ல தாவர விளக்கமாகும். ஈர நிலத்தில் வளரும் ஆரைக்கீரை நான்கு சிற்றிலைகளை உடையது. பூக்காமல் சிதல்களால் பெருகும் பெரணி இனத்தைச் சேர்ந்தது. அதனைப் போன்ற இலையும் புளிப்புச் சுவையும் கொண்ட மற்றொரு செடியைப் புளியாரை என்று நம் மக்கள் பிரித்தறிந்தனர். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு ஆக்ஸாலிஸ் கார்னிகுலேட்டா என்று பெயரிட்டார். இதன் தண்டு தரையில் படர்ந்து கணுக்களில் வேரூன்றும். பூக்கள் மஞ்சள் நிறமுடையவை. நிமிர்ந்து நிற்கும் காய் முற்றியதும் விதைகளைத் தெறித்து வீசும். இது கீரையாகவும் துவையலாகவும் பயன்படுவது.

ஆனால், இளஞ்சிவப்புப் பூவுடன் பாத்திகளில் நிற்பது இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடியாகும். ஹம்போல்ட், போன்பிளான் ஆகியோர் அமெரிக்கக் கண்டத்தில் திரட்டிய தாவரங்களை ஆராய்ந்த குந்த் என்பவர், 1822-ஆம் ஆண்டில் அதற்கு ஆக்ஸாலிஸ் லாட்டிஃபோலியா என்று பெயர் சூட்டினார். ‘அகன்ற இலையுடையது’ என்பது அப்பெயரின் பொருள். தரைக்கு மேல் இதற்குத் தண்டு இல்லை. நீண்ட இலைக்காம்புகள் நேரே மண்ணிலிருந்து எழுகின்றன. சிற்றிலை, மீன்வாலைப்போல் நுனி அகன்று நடுவில் பிளவுபட்டிருக்கும். பூக்கள் ஒரு காம்பின் உச்சியில் குடைபோல் கொத்தாக அமைந்திருக்கும். புல்லி இதழ் ஐந்து; அல்லி இதழ் ஐந்து; மகரந்தத்தாள் பத்து. நம் நாட்டில் இச்செடி பெரும்பாலும் விதை கட்டுவதில்லை.

விதை கட்டாத செடி எவ்வாறு ஊரெங்கும் பரவிற்று? இதற்கு விடை இலையிலும் இல்லை, பூவிலும் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது. செடியைச் சுற்றி மண்ணை அகழ்ந்து மெல்ல எடுத்தால், செதில்கள் மூடிய சிறு குமிழ் ஒன்று காணப்படும். அதிலிருந்து மெல்லிய ஓடுதண்டுகள் பக்கவாட்டில் செல்லும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சேய்க்குமிழ் அமைந்திருக்கும். குமிழின் அடியில் நீர் நிறைந்த வெண்மையான தடித்த வேர் ஒன்றும் வளர்வதுண்டு. அவ்வேர் சுருங்கும்போது குமிழை மேலும் ஆழத்திற்கு இழுத்துக்கொள்ளும். இலைகள் கருகி மறைந்தாலும் செடி சாவதில்லை. அடுத்த மழைக்காக மண்ணுள் காத்திருக்கிறது. இது பல்லாண்டு வாழும் செடி எனப்படுவதன் பொருள் இதுவே.

இப்பொழுது, ‘கொத்திவிடுக’ என்னும் அறிவுரையின் பயனை எண்ணிப் பார்க்கலாம். கொத்து விழுந்தவுடன் ஓடுதண்டுகள் அறுபடுகின்றன. சேய்க்குமிழ்கள் பாத்தியெங்கும் சிதறுகின்றன. ஒன்று இருந்த இடத்தில் பத்து முளைக்கின்றன. தோட்டக்காரர் தம் உழைப்பாலேயே களையை விதைத்தவர் ஆகிறார். பிடுங்கிய செடியை எருக்குழியில் இட்டால், எருவோடு அது வேறு பாத்திகளுக்கும் செல்கிறது. நாற்றங்காலிலிருந்து வாங்கும் தொட்டியின் மண்ணோடு வேற்றூருக்கும் பயணம் செய்கிறது.

இவ்விடத்தில் என் கருத்தை ஐயத்திற்கு இடமின்றிக் கூற விரும்புகிறேன். மண்ணின் மேற்பரப்போடு முடிந்துவிடும் தாவர விளக்கம் பாதி விளக்கமே. களத்தில் பணிபுரிவோருக்கு அப்பாதி தீங்கு பயப்பதுமாகும். நம் பள்ளிகளில் இலையும் பூவும் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. வேரும் குமிழும் தனிப் பாடமாக, வேறொரு செடியைக் கொண்டு கற்பிக்கப்படுகின்றன. ஒரே செடியை மேலும் கீழுமாக முழுமையாக நோக்கும் பழக்கம் உண்டாவதில்லை. களத்தில் மாதிரி எடுப்போரும் பூத்த கிளையைக் கிள்ளித் தாளில் ஒட்டிவிடுகின்றனர். உலர்ந்தபின் பூவின் நிறமும் மங்கிவிடுகிறது.

பூவைக் கொண்டே தாவரங்கள் பிரித்தறியப்படுகின்றன. அடிப்பகுதியைத் தோண்டுவது வீண் வேலை என்று சிலர் கூறலாம். குடும்பத்தையும் பேரினத்தையும் அறியப் பூ இன்றியமையாதது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இளஞ்சிவப்புப் பூ உடைய மற்றொரு குமிழ்ச்செடியும் நம் தோட்டங்களில் உண்டு. அது ஆக்ஸாலிஸ் டெபிலிஸ் எனப்படும். அதன் சிற்றிலைகள் உருண்ட மடல்களை உடையவை. சேய்க்குமிழ்களோ ஓடுதண்டின் நுனியில் அமையாமல், பூண்டுப் பற்களைப்போல் தாய்க்குமிழைச் சுற்றி நெருங்கியிருக்கும். இவ்விரண்டையும் ஐயமறப் பிரித்தறியத் தோண்டிப் பார்த்தலே துணைபுரியும். அதற்கு நுண்ணோக்கி வேண்டுவதில்லை. ஒரு சிறு கரண்டியும் சற்றுப் பொறுமையும் போதும்.

செடியின் முழு வடிவத்தை அறிந்தவருக்கு மாற்று வழியும் புலப்படும். குமிழில் சேர்ந்துள்ள உணவு, முதல் இலைகள் விரியும்பொழுது குறைந்துவிடுகிறது. புதிய சேய்க்குமிழ்கள் தோன்றுவதற்கு முந்திய அக்காலமே களையெடுப்பதற்கு ஏற்றது. கொத்தி நறுக்காமல், முள்கரண்டியால் மண்ணைத் தளர்த்திக் குமிழோடு எடுத்தல் வேண்டும். தொட்டி மண்ணைச் சலித்துப் பார்த்தல் நன்று. எடுத்தவற்றை எருக்குழியில் இடலாகாது. ஒருமுறை செய்து விட்டுவிடாமல், மீண்டும் முளைப்பவற்றையும் தொடர்ந்து அகற்றி வருதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் ஒரு வகுப்பு நேரத்தை இதற்கென ஒதுக்குக. புளியாரை ஒன்றையும் குமிழ்ச்செடி ஒன்றையும் மாணவரே தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, ஒரே தாளில் அருகருகே வைத்து வரையட்டும். தாளின் நடுவே தரைமட்டத்தைக் காட்டும் கோடு ஒன்று இருக்கட்டும். கோட்டுக்கு மேலே மிக ஒத்துத் தோன்றும் இரு செடிகள் கோட்டுக்குக் கீழே எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

களப்பணியாளர்கள் தம் குறிப்பேட்டில், ‘தரைக்குக் கீழ் உள்ள உறுப்புகள்’ என ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்வார்களாக. பூவின் நிறத்தைச் செடி வாடுமுன் குறித்துக்கொள்க. ஐயம் எழுமாயின், வேரும் குமிழும் உள்ள முழுச் செடியையே மாதிரியாக அனுப்புக. கோயமுத்தூரில் 1955-ஆம் ஆண்டில் அமைந்த இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல நிலையமும், பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகமும் உலர்தாவரத் தொகுப்புகளைப் பேணி வருகின்றன. அங்குள்ள அறிஞர்களும் தம்மிடம் வந்த மாதிரியைக் கொண்டே முடிவு கூற இயலும். அரைச் செடியை அனுப்பினால் முழு விடை எவ்வாறு கிடைக்கும்?

செடிக்குப் பெயர் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதலாகாது. நம் சொல்லை நம்பி ஒருவர் கொத்தை எடுத்துப் பாத்தியில் இறங்குகிறார். அதற்கு முன்னதாக நாம் ஒருமுறை குனிந்து தோண்டிப் பார்த்திருத்தல் வேண்டும்.