தூண்டிற்கோலும் அதன் உறையும்

தூண்டில் என்றதும் நம்மவர் நினைவில் எழுவது, தாமிரபரணிப் படித்துறையிற் சிறுவர் பிடித்திருக்கும் மூங்கிற்கோலும் அதன் முள்ளில் நெளியும் மண்புழுவுமே. அக்கோலுக்கு உறை வேண்டுவதில்லை; முறிந்தால் வேறொன்று வெட்டிக்கொள்ளலாம். ஆனால், இறகையும் நூலையும் ஈயின் வடிவாகக் கட்டி, அதனை நீர்மேல் வீசி மீன் பிடிக்குங் கோல் அத்தகையதன்று. மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாகச் சீவி, பசையிட்டு ஒட்டி, வார்னிஷ் பூசிச் செய்யப்படுவது அது. அதன் நுனியோ ஈர்க்கினும் சிறிதே பருத்தது. இத்தகைய கோலைப் பிரயாணத்தில் எடுத்துச் செல்வோர் எவ்வகை உறையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பதே யான் ஈண்டு ஆராயப் புகுவது.

“இஃது ஆங்கிலேயர் பொழுதுபோக்கு, நமக்கென்ன?” என்று நண்பர் சிலர் நகைக்கலாம். சென்னை மாகாண அதிகாரியாயிருந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி 1873 இல் ஒரு நூல் வெளியிட்டார் என்பதும், நீலகிரியில் அவலாஞ்சியில் 1907 இல் டிரவுட் மீன்குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது என்பதும் உண்மையே. ஆயினும், சீன மூங்கில் வழக்கில் வருமுன்னர், மேனாட்டுக் கோல்களுக்குக் கல்கத்தாவிலிருந்து சென்ற மூங்கிலே உதவிற்று. ஆதலின், கோலின் உடல் நம் நாட்டது. அதனைப் பேணும் வகையை நாம் அறிதலும் தகும்.

என் பாட்டனார் நீலகிரித் தேயிலைத் தோட்டமொன்றிற் கணக்கராயிருந்தவர். அவரிடம் இத்தகைய கோல் ஒன்றிருந்தது. ஒரு மழைநாளில் ஓடையினின்று மீண்டவர், ஈரத்தோடே அதனைத் துணிப்பையிலிட்டு, காற்றுப் புகாத தோற்குழாயில் அடைத்து நெல்லைக்குக் கொணர்ந்தார். சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது, வார்னிஷ் கொப்புளித்திருந்தது; பசை விட்டிருந்தது; நுனி வளைந்தே நின்றுவிட்டது. வழியில் ஓர் அடியும் படவில்லை. காக்க வந்த உறையே கோலைக் கெடுத்தது. “உறை நல்லதுதான், நான்தான் பொறுக்கவில்லை” என்று அவர் கூறுவதுண்டு.

இதனால் யான் துணிந்தது இது: உறைக்கு அடியைத் தாங்கும் வன்மை மட்டும் போதாது, ஈரத்தை வெளிவிடும் வழியும் வேண்டும். தோலுறை அழகியது; ஆயினும் நம் நாட்டு மழைக்காலத்திற் பூஞ்சணம் பூக்கும். அலுமினியக் குழாய் இலேசானது, உறுதியானது; ஆனால் மூடி இறுகினால் ஈரம் உள்ளேயே தங்கும். தண்ணீர்க் குழாய்க்கு உதவும் பி.வி.ஸி. குழாயை அளவாக அறுத்து, இருபுறமும் மூடியிட்டு, மூடிகளிற் சிறு துளைகள் இட்டுக்கொண்டால், விலையும் குறைவு, பயனும் குறையாது. இக்காலத்துக் கரியிழைக் கோல்கள் ஈரத்தால் எளிதிற் கெடா. எனினும் வண்டிக்கதவில் அகப்பட்டால் நொடியில் முறியும். ஆதலின் அவற்றிற்கும் உறுதியான குழாய் இன்றியமையாதது.

அளவும் கருதத்தக்கது. 9 அடிக் கோல் மூன்று துண்டாயின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 அடி. நான்காயின் 27 அங்குலம். குழாய் இதனினும் ஓரிரண்டு அங்குலம் நீண்டிருத்தல் போதும். மிக நீண்டால் கோல் உள்ளே ஓடி நுனி மோதும். ஆதலின் இருமுனையிலும் பஞ்சோ துணியோ வைத்தல் நலம். துண்டுகள் ஒன்றோடொன்று உராயாவண்ணம் அறைகள் தைத்த பருத்திப் பை உள்ளே வேண்டும்.

தமிழ் பயிலும் எமக்கு இது புதிய பாடமன்று. நம் முன்னோர் ஏட்டுச் சுவடியை இருபுறமும் சட்டமிட்டுக் கயிற்றாற் கட்டினர். அவ்வளவில் நில்லாது, அவ்வப்போது அவிழ்த்து எண்ணெயும் பூசினர். 1889 இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் நெல்லைச் சீமையிலும் ஏடு தேடி அலைந்தார். அவ்வாறு தேடியவர்க்குக் கிடைத்தவை எவரேனும் பேணி வைத்தவையே. பூட்டிவைத்து மறந்தவை செல்லுக்கு இரையாயின.

ஆகவே நண்பர்காள், உறையை வாங்குமுன் விலையை நோக்காது அளவையும் காற்றுவழியையும் நோக்குமின். வீடு திரும்பியதும் கோலை வெளியே எடுத்துத் துடைத்து நிழலில் உலர்த்துமின். பாட்டனாரின் கோலை இனி யான் வீச இயலாது. ஆயினும் அது இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில், உறையின்றிக் காற்றாடத் தொங்குகின்றது.