பனிமலைக்குப் புறப்படுமுன் ஒரு கணக்கு



நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இன்று லண்டனிலும் டப்ளினிலும் படிக்கிறார்கள், வேலையும் பார்க்கிறார்கள். அங்கே குளிர்காலம் தொடங்கியதும் வீட்டுக்கு ஒரு செய்தி வரும். "அம்மா, கூட்டாளிகள் எல்லாரும் ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறார்கள். நானும் போகட்டுமா?" அது எந்த ஊர், என்ன செலவாகும், கைகால் பத்திரமாகத் திரும்பி வருமா என்று தாய்க்கு ஒன்றும் தெரிவதில்லை. போ என்று சொல்லப் பயம். வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை. அந்தத் தாய்க்காகவும் தகப்பனுக்காகவும்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

பெரிய ஊர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் 'த்ருவா வலே', அதாவது 'மூன்று பள்ளத்தாக்குகள்' என்று ஓர் இடம் இருக்கிறது. கூர்ஷவெல், மெரிபெல், லே மெனுயிர், வால் தோரென்ஸ் ஆகிய ஊர்களைக் கம்பி வண்டிகள் இணைக்கின்றன. சறுக்குப் பாதைகளின் மொத்த நீளம் 600 கிலோமீட்டர் என்கிறார்கள். வால் தோரென்ஸ் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் குனோங் தஹான் மலையின் உச்சியே 2,187 மீட்டர்தான்! நம் மலையுச்சிக்கும் மேலே அங்கே கடையும் வீடும் கட்டிக் குடியிருக்கிறார்கள்.

ஜெனீவா விமான நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் போகலாம். பாரிசிலிருந்து ரயிலில் மூத்தியே நிலையம் வரை வந்து, அங்கிருந்து பேருந்தில் மலையேறலாம். வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் வாடகைக்கு விடுவதால், அன்று மலைப்பாதை முழுக்க வண்டிகள் வரிசை பிடித்து நிற்கும். பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை; கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம். புத்தாண்டு முடிந்த ஜனவரி வாரங்களில் விலை இறங்கும், ஆனால் குளிர் கடுமை. மார்ச்சு மாதம் பகல் நீண்டிருக்கும். உயரமான ஊர்களில் பனியும் மிச்சம் இருக்கும். முதன்முறை போகிறவருக்கு மார்ச்சுதான் நல்லது என்பது என் எண்ணம்.

இனிப் பணம். மூன்று பள்ளத்தாக்குக்கும் செல்லும் ஒருநாள் சீட்டு 70 யூரோவைத் தாண்டுகிறது. நம் பணத்தில் 300 வெள்ளிக்கு மேல். 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. ஆக, மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில் மலையேறிவிடும்! தங்குமிடம், சாப்பாடு, பலகை வாடகை, பயிற்சி எல்லாம் தனி.

ஆனால் பிள்ளைக்கு நீங்கள் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. புதிதாகப் பழகுகிறவனுக்கு 600 கிலோமீட்டர் எதற்கு? முதல் மூன்று நாளும் ஒரே சரிவில் விழுந்து எழும்பத்தான் போகிறான். தொடக்க நிலையினருக்கென்று குறைந்த விலையில் சீட்டு கொடுக்கிறார்கள்; ஒரே பள்ளத்தாக்குக்கான சீட்டும் உண்டு. பலகை, காலணி, தலைக்கவசம் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கனத்த உடுப்பை இரவல் கேட்பதில் வெட்கம் வேண்டாம். வருடத்தில் ஒரு வாரம் போடும் சட்டைக்கா அத்தனை காசு? பயிற்சிக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கூட்டாளி இலவசமாகச் சொல்லித்தருகிறேன் என்பான். அவன் வேகமாகப் போகத் தெரிந்தவன். நிறுத்தச் சொல்லித்தரத் தெரிந்தவனா என்று கேளுங்கள்.

இப்போது தாய்மார்கள் பயப்படும் இடத்துக்கு வருவோம். அங்கே பாதைகளுக்கு நிறம் உண்டு. பச்சை மிக எளிது. அடுத்தது நீலம், பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. முன்னால் கீழே போகிறவருக்கே வழி உரிமை. மேலிருந்து வருகிறவர்தான் மோதாமல் விலகவேண்டும். பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு அன்றாடம் அறிவிக்கிறார்கள். மாலையில் காவலர்கள் கடைசியாக ஒரு சுற்று வந்து பாதைகளை மூடியபின் மலையில் யாரும் சறுக்கக்கூடாது. இரவில் பனியைச் சமப்படுத்தும் இயந்திரங்கள் இரும்புக் கம்பி கட்டிக்கொண்டு ஏறும்; இருட்டில் அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது.

குறியிட்ட பாதையைவிட்டு ஓர் அடிகூட வெளியே போகாதே என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சிப்பாங் மைதானத்தில் வெற்றிபெற்ற கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரை மறந்திருக்கமாட்டீர்கள். 2013 டிசம்பர் 29ஆம் தேதி அவர் விழுந்தது இதே மெரிபெல்லில்தான். இரண்டு பாதைகளுக்கு நடுவே, குறியிடாத பகுதியில், பனியில் மறைந்திருந்த பாறை அது. தலைக்கவசம் அணிந்திருந்தும் தலையில் பலத்த அடி. அவரோ பனிச்சறுக்கில் நல்ல பழக்கம் உள்ளவர்.

காப்புறுதியையும் கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் பனிச்சறுக்கு சேராது. சறுக்குப் பாதையில் கால் முறிந்து காவலர்கள் கீழே கொண்டுவந்தால், அதற்கும் கட்டணம் உண்டு. சீட்டு வாங்கும்போதே நாளொன்றுக்குச் சில யூரோ கூடுதலாகக் கட்டினால், மீட்புச் செலவைக் காப்புறுதி ஏற்கும். அந்தச் சில யூரோவை மிச்சம் பிடிக்கிற பிள்ளை இருக்கிறதே, அதுதான் பிறகு தகப்பனின் சேமநிதியில் கைவைக்கும்!

இடையில் ஒன்று சொல்லவேண்டும். அந்த ஊரை நடத்துகிறவர்களும் உழைப்பாளிகளே. கம்பி வண்டி ஓட்டுகிறவர், ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவர், விடிய விடியப் பனியை நிரவுகிறவர் எனப் பலரும் பருவகாலத்துக்கு மட்டும் வேலைக்கு வருபவர்கள். வாடகை ஏறிப்போனதால் சிறு அறைகளில் நெருக்கியடித்துத் தங்குகிறார்கள். நம் லயத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனி உருகினால் அதே சரிவில் மாடு மேயும். அந்தப் பாலில் 'போஃபோர்' என்ற பாலாடைக்கட்டி செய்கிறார்கள்.

பிள்ளையைப் பார்க்கப் பெற்றோரே போனால்? சறுக்கத் தெரியாதவருக்கும் நடைப்பயணிச் சீட்டு உண்டு. வால் தோரென்சிலிருந்து கம்பி வண்டியில் 3,200 மீட்டர் உயரமுள்ள சீம் கரோன் உச்சிக்கே போகலாம். காதையும் கழுத்தையும் நன்றாக மூடிக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி அவசியம். பனியில் பட்டு எதிரொளிக்கும் வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கண்ணைக் கூசவைக்கும். நம் நாட்டுக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை.

பிள்ளை புறப்படுமுன் காப்புறுதி எண்ணையும், தங்கும் வீட்டு முகவரியையும், உடன் போகிற கூட்டாளி ஒருவரின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கி நாட்காட்டியின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவசர உதவிக்கு அழைக்கவேண்டிய எண் 112.