புதிய வீரனும் பழைய வேடமும்

அசைவூட்டத் தொடர்களின் வீரர் அணியிற் புதியவன் ஒருவன் சேர்க்கப்படும்போதெல்லாம் அதனை முற்போக்கெனப் போற்றுவோர் உளர். கறுப்பினத்தவனுக்கு இடங் கிடைத்தது, இந்தியனுக்குக் கிடைத்தது, நாளை தமிழனுக்குங் கிடைக்கும் என்பது அவர்தம் மகிழ்ச்சி. இடம் கிடைத்ததா என்று கேட்பவர்கள், எத்தகைய இடம் என்று கேட்பதில்லை.

1973 இல் ஹனா-பார்பரா நிறுவனத்தார் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென 'சுப்பர் பிரெண்ட்ஸ்' என்னுந் தொடரைத் தயாரித்தனர். சுப்பர்மான், பட்மான், ரொபின், வொண்டர் வுமன், அக்குவாமான் ஆகிய ஐவரும் வெள்ளைத் தோலினர். 1977 இல் பிளாக் வல்கன், அப்பாச்சி சீவ், சாமுராய் ஆகியோர் உடன் சேர்ந்தனர். 1981 இல் எல் டொராடோ வந்தான். பெயர்களை நோக்குக. ஒருவனுக்கு நிறம் பெயராயிற்று. ஒருவனுக்குக் குலம் பெயராயிற்று. ஒருவனுக்குப் பண்டைப் போர்வீரர் வகுப்பே பெயராயிற்று. நான்காமவன் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. எல் டொராடோ என்பது தென்னமெரிக்காவைச் சூறையாடிய ஸ்பானியர் தேடியலைந்த பொன்னுலகின் பெயர். கொள்ளையிட்டவனின் கனவைப் பறிகொடுத்தவனின் பிள்ளைக்குப் பெயராகச் சூட்டினர்! இவர்கள் வீரர்களாக அல்ல, தத்தம் இனத்தின் விளம்பரப் பலகைகளாகவே நிறுத்தப்பட்டனர்.

தொடக்கம் அவ்வாறுதான் இருக்கும், காலம் திருத்தும் என்பர் சிலர். காலம் எதனையுந் தானாகத் திருத்துவதில்லை, எழுதுகோலே திருத்துகிறது. 2001 இல் தொடங்கிய 'ஜஸ்டிஸ் லீக்' தொடரிற் பச்சை விளக்கு வீரனாக வந்த ஜோன் ஸ்டூவர்ட் கறுப்பினத்தவன். அவன் பெயரில் நிறமில்லை. ஒரு கோளையே அழித்தான் என்ற பழி வந்தபோது, அப்பழியைத் தன்மேல் ஏற்று விசாரணை மன்றின் முன் நிற்கிறான். கலங்கவும் வருந்தவும் உரிமை பெற்றவனே முழு மனிதன். முழு மனிதனே வீரனாதல் கூடும்.

இக்குறை வெள்ளையர்க்கு மட்டும் உரியதன்று. 2004 இல் இந்தியர் படைத்த இந்தியச் சிலந்தி மனிதனின் சித்திரக்கதையிற் பீற்றர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனான். பென் பீம் ஆனார். மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனாள். வேட்டியும் மும்பையும் சேர்ந்தன. கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. 2023 இல் வெளிவந்து தமிழிலும் பேசிய அசைவூட்டத் திரைப்படத்திலேதான் அதே பவித்ர், தன் ஊருக்கு வந்த பிறநாட்டு வீரனுக்குப் பிரித்தானியர் அடித்த கொள்ளையை எள்ளி நகையாடிக் காட்டுகிறான். அவனுக்குத் தன் நாவு கிடைக்கப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

தமிழ்க் குரலிற் பேசும் இத்தகைய படங்களைக் கண்டு வளரும் யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்கும் ஒரு வீரன் வேண்டும் என்பது நியாயமே. ஆயின் வேட்டி கட்டி, வேலேந்தி, 'வணக்கம்' கூறி அணியின் ஓரத்தில் நிற்கும் ஒருவனா வேண்டும்? அவன் இன்னொரு எல் டொராடோ அன்றோ?

சுப்பர்மானை 1938 இல் உலகிற்குத் தந்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். அவர்கள் தம் வீரனுக்கு இனப்பெயர் சூட்டவில்லை. தாய்க்கோள் அழிந்தபின் அந்நிய மண்ணில் வளர்ந்த அநாதைக் குழந்தையாக அவனைப் படைத்தனர். புலம்பெயர்ந்தோர் துயரம் உலகின் கதையாயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல் துறந்து தென்மராட்சி நோக்கி நடந்த மண்ணுக்கு இக்கதை அந்நியமானதா?

வேடத்தின் உள்ளே மனிதனை வைக்கும் கலையும் ஈழத்தமிழர்க்குப் புதிதன்று. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்தில், அரக்கனென இகழப்பட்டவன் துன்பியல் வீரனாக எழுந்தான். அன்று கூத்துக்குச் செய்ததை இன்று அசைவூட்டத்துக்குச் செய்யத் தடை யாது?

பிறர் வரைந்த அணியில் ஓரிடம் இரப்பது வீரமன்று. தமிழ் பயில்வோர் கதை எழுதட்டும். மருதனார்மடத்திற் சித்திரமும் இசையும் பயில்வோர் அதற்கு உருவும் ஒலியும் கொடுக்கட்டும். சொந்தக் காயத்தோடு வரும் வீரனுக்கு எந்த அணியும் இடங் கொடுத்தே தீரும்.