லைட் பிடிக்கும் பையன் எப்போது கேமரா பிடிப்பான்?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் புகைப்படத் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தால் அது ஸ்டுடியோதான். ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் டிஜிட்டல் போட்டோகிராபர் என்றொரு படிப்பு இருக்கிறது. சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஆத்தூரிலோ இராசிபுரத்திலோ கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் ஒருவரிடம் தொழிலை எங்கே பழகினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு அண்ணனின் பெயர்தான் பதிலாக வரும்.

அந்த அண்ணனிடம் கற்கும் முறை நமக்குத் தெரிந்ததுதான். முதலில் பை தூக்க வேண்டும். பிறகு லைட் பிடிக்க வேண்டும், பேட்டரி சார்ஜ் போட வேண்டும், மெமரி கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், ஆல்பத்துக்கு ஓட வேண்டும். சில மாதம் கழித்து ஒரு காதுகுத்தில் இரண்டாவது கேமரா கைக்கு வரும். முகூர்த்த நேரத்துக் கேமரா கிடைக்க இன்னும் நாளாகும். இந்த முறையில் ஒரு நியாயமும் இருக்கிறது. தாலி கட்டும் நொடி இன்னொரு முறை வராது. மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் கறுத்த முகத்தை வெளுக்க வைக்காமல் அதன் நிறத்திலேயே எடுப்பது எப்படி, கூச்சப்படும் பாட்டியை எப்படி நிற்க வைப்பது என்பதெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கற்பிக்க முடியாதவை. வேலை செய்கிறவரின் பக்கத்தில் நின்றுதான் பழக முடியும்.

ஆகவே பக்கத்தில் நின்று கற்பதை நாம் எதிர்க்கவில்லை. பக்கத்தில் நிற்க யாருக்கு இடம் கிடைக்கிறது, நிற்கிற காலத்தில் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்பதே நம் கேள்வி.

இப்போது இதற்கு இன்டெர்ன்ஷிப் என்று பெயர் மாறியிருக்கிறது. ஆர்வம் இருந்தால் போதும், சம்பளம் கிடையாது, சொந்தக் கேமரா இருந்தால் நல்லது என்கிற விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால், அப்பா கேமரா வாங்கித் தந்து ஒரு வருடம் சோறும் போடுகிற வீட்டுப் பிள்ளை வரலாம் என்று பொருள். ஓரளவு நல்ல கேமராவும் லென்ஸும் வாங்கவே லட்சத்தைத் தாண்டும். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் குடும்பத்துக்கோ, திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வடநாட்டுக்குப் போன ஒருவரின் வீட்டுக்கோ அந்தத் தொகை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பத்து மாதம் கூலியில்லாமல் இருப்பது படிப்புச் செலவு ஆகாது. அது வீட்டுக்கு வர வேண்டிய பத்து மாதக் கூலியின் இழப்பு.

இதே சேலத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் அதன் தயாரிப்புகள். அந்தக் கால ஸ்டுடியோ முறையில் தொழில்நுட்பக் கலைஞர்களும் மாதச் சம்பளக்காரர்களே. ஸ்டுடியோவுக்குள் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கற்கும் இடமும் சம்பளம் வரும் இடமும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருந்தது என்கிறேன்.

பணம் மட்டும்தான் தடையா? கல்யாணப் படக்காரர் வீட்டுக்குள் போக வேண்டியவர். மணப்பெண் அலங்காரம் செய்யும் அறைக்கும் சாமி அறைக்கும் போக வேண்டும், பந்தியில் உட்கார வேண்டும். அதனால்தான் "எந்த ஊருங்க தம்பி?" என்று மரியாதையாகத் தொடங்கும் பேச்சு, "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று இறங்குகிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. மண்டப வாசலில் அந்தச் சொல்லைத் தேடும் கேள்வி இன்னும் நீங்கவில்லை. ஆர்டர்கள் சொந்தக்காரர் வழியாகவும் சாதிச் சங்க மண்டபங்கள் வழியாகவும் வரும்போது, யாரை உதவிக்குக் கூட்டிப் போவது என்பதையும் அதே வலைதான் முடிவு செய்கிறது. தலித் இளைஞருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர். அதில் அவர் வடிவமைக்க வேண்டியிருப்பது சாதித் தலைவர் படமும் ஆண்ட பரம்பரை வாசகமும் போட்ட பிளெக்ஸ்.

இது ஒரு வேலைவாய்ப்புச் சிக்கலோடு முடிந்துவிடுவதில்லை. நம்மைப் படம் எடுத்தவர்கள் யார் என்ற நீண்ட கதை இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆங்கிலேய அரசு 1868-க்கும் 1875-க்கும் இடையில் 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளை வெளியிட்டு, மனிதர்களைச் சாதி வாரியாகப் படம் பிடித்து அடுக்கியது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளை ஏழு தொகுதிகளாக்கினார். அவற்றில் நம் தாத்தா பாட்டிகள் மாதிரிகளாக நின்றார்கள். இன்றைய செய்திப் படங்களிலும் நாம் அதிகம் தென்படுவது பிணமாகவோ, அழும் தாயாகவோ, எரிந்த குடிசைக்கு முன்னால் நிற்பவராகவோதான். நம் தெருவில் நடக்கும் கல்யாணச் சிரிப்பும் கபடிப் போட்டியும் யார் கேமராவில் இருக்கின்றன?

இந்தச் சமவெளியில் ஒரு படத்தின் எடை என்னவென்று நமக்குத் தெரியும். ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். சாட்சிகள் பிறழ்ந்த அந்த வழக்கில் கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு முக்கியச் சான்றாக நின்றது. 2022-இல் விசாரணை நீதிமன்றம் ஆயுள் தண்டனை வழங்கியது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனிதர்கள் பேச அஞ்சிய இடத்தில் சுவரில் மாட்டிய ஒரு கருவி பேசியது. அப்படிப்பட்ட ஊரில் கேமராவைப் பிடிக்கத் தெரிந்த கைகள் ஒரே பக்கத்தில் குவிந்திருப்பது ஆபத்து.

கூலியோடு கற்க வாய்ப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கார்டன் பார்க்ஸ் ஓர் எடுத்துக்காட்டு. ரயிலில் உணவு பரிமாறிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர் அவர். அடகுக் கடையில் ஒரு பழைய கேமரா வாங்கித் தானே பழகினார். 1942-இல் ரோசன்வால்ட் நிதியின் உதவித்தொகை கிடைத்தது. அந்தப் பணத்தில் வாஷிங்டனில் அரசின் வேளாண் பாதுகாப்பு நிர்வாகப் புகைப்படப் பிரிவுக்குப் போய், ராய் ஸ்டிரைக்கரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஸ்டிரைக்கர் முதலில் கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, நகரத்துக்குள் போய்க் கோட்டு வாங்கு, சாப்பிடு, சினிமா பார் என்று அனுப்பினார். போன இடமெல்லாம் நிறத்தைக் காட்டி விரட்டினார்கள். கோபத்தோடு திரும்பியவரிடம், இங்கே துப்புரவு வேலை செய்யும் அம்மாவிடம் போய்ப் பேசு என்றார். அப்படித்தான் அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடும் தரை துடைக்கும் மாப்போடும் எல்லா வாட்சன் நிற்கும் படம் பிறந்தது. 1948-இல் லைஃப் இதழின் முதல் கறுப்பினப் பணிப் புகைப்படக்காரர் ஆனார் பார்க்ஸ். அவருடைய கோபம் அவருடையதே. அதைப் படமாக்கப் பழகும் வரை பட்டினி இல்லாமல் பார்த்துக்கொண்டது உதவித்தொகை.

நம் பக்கம் மு. பழனி குமார் இருக்கிறார். மதுரை மாவட்டம் ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் தாயின் மகன். திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர் குடும்பங்களையும் விடாமல் பதிவு செய்கிறார். 2022-இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றார். நமக்கு இதைவிட முக்கியமானது, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் அவர் கேமராவைக் கொடுத்துக் கற்றுத் தருவது. தான் ஏறிய ஏணியை அவர் கீழே இறக்கி வைக்கிறார். ஆனால் ஒரு மனிதரின் நல்ல மனத்தை நம்பி ஒரு தலைமுறை காத்திருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? தொழில் பழகுநர் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே வந்தது. 1973 திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு தந்தது. 2019 விதிகள் உதவித்தொகையைக் கல்வித் தகுதியைப் பொறுத்து மாதம் குறைந்தது 5000 முதல் 9000 ரூபாய் என்று நிர்ணயித்தன. ஆனால் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே இது கட்டாயம், நான்கு பேருக்குக் குறைந்தால் திட்டத்துக்குள்ளேயே வர முடியாது. நம் ஊர் ஸ்டுடியோவில் முதலாளியையும் சேர்த்து மூன்று பேர். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் தொழில் தொடங்குவோருக்கு 35 விழுக்காடு மானியம் உண்டு. கடை வைக்கப் பணம் கிடைக்கும். கடை வைக்கும் அளவுக்குத் தொழில் பழகும் அந்த இரண்டு வருடத்துக்கு யார் பொறுப்பு?

அரசிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான். சிறு ஸ்டுடியோவில் தொழில் பழகும் தலித், பழங்குடி இளைஞருக்குத் தாட்கோ ஓராண்டு மாத உதவித்தொகையை நேரடியாக வங்கிக் கணக்கில் போட வேண்டும். கற்றுத் தரும் புகைப்படக்காரருக்கும் ஒரு தொகை தர வேண்டும். மாவட்டத் தலைநகரங்களில் கேமராவும் லென்ஸும் இரவல் தரும் கருவிக்கூடம் வேண்டும். இவை பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கைகள் இல்லை.

அதுவரை, எங்காவது சேரப் போகும் தம்பி தங்கைகள் நான்கைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் எவ்வளவு தருவீர்கள்? போக்குவரத்தும் சாப்பாடும் யார் பொறுப்பு? எத்தனையாவது மாதத்தில் கேமரா என் கைக்கு வரும்? நான் எடுத்த படங்களை என் பெயரில் காட்டிக்கொள்ள அனுமதி உண்டா? கடைசிக் கேள்வி முக்கியம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஊழியரோ தொழில் பழகுநரோ எடுக்கும் படத்தின் உரிமை முதலாளிக்கு அல்லது காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குப் போகும். இரண்டு வருடம் உழைத்துவிட்டுக் காட்ட ஒரு படம்கூட இல்லாமல் வெளியே வருகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

ஏற்கனவே தொழிலில் நின்றுவிட்ட அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு சொல். உங்கள் அடுத்த உதவியாளரைச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வாருங்கள், வாரக்கூலி கொடுங்கள். மண்டபத்தில் யாராவது "இந்தத் தம்பி எந்தப் பக்கம்?" என்று கேட்டால், "என் பக்கம்" என்று சொல்லுங்கள். முகூர்த்த நேரத்தில் ஒருமுறையாவது கேமராவை அவர் கையில் கொடுங்கள்.