வாசல் திறந்தது, வரி நோட்டு திறக்கவில்லை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஆண்டுதோறும் கிராமப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் சுற்றுலா வருகிறார்கள். ஆசிரியர் முன்னே நடக்க, வரிசையாக வந்து பொற்றாமரைக் குளத்தின் படிகளில் உட்காருகிறார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள்தான் என்று சொன்னதும் ஒரு பிள்ளையாவது எண்ணிப் பார்க்கத் தொடங்கும். தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம், சுமார் 160 அடி என்பதையும் குறித்துக்கொள்வார்கள். ஊர் திரும்பிக் கட்டுரை எழுதும்போது இவையெல்லாம் அதில் இருக்கும். அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் பலரின் பூட்டனும் பூட்டியும் இந்தக் கோபுர வாசலைத் தாண்ட அனுமதிக்கப்பட்டதில்லை என்பது மட்டும் இருக்காது.

கிழக்குக் கோபுரம் பாண்டியர் காலத்தது, 13ஆம் நூற்றாண்டு. இன்று நாம் பார்க்கும் கோயிலின் பெரும்பகுதி அதற்குப் பின் நாயக்கர் காலத்தில் எழுந்தது. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக விரிகின்றன. இந்த அமைப்பை நகரத் திட்டத்துக்கு எடுத்துக்காட்டாகப் பாடங்களில் புகழ்வார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால், யார் எந்த வீதிவரை வரலாம், எந்த இடத்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்ற கணக்கும் அந்த அமைப்புக்குள்தான் இருந்தது. கருவறை விமானம் சிறியதாகவும் வெளிக்கோபுரங்கள் வானத்தைத் தொடுவதாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பதைப் பக்தி வாக்காகவே கேட்டு வளர்ந்தோம். உள்ளே விடாதவர்களுக்குச் சொன்ன சமாதானமாகவும் அது இருந்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆவணி மூலத் திருவிழாவில் ஒரு நாள் பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடக்கும். வைகையின் கரையை அடைக்க வீட்டுக்கொரு ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்து, பிட்டை வாங்கித் தின்று, மண் சுமந்து, மன்னனின் பிரம்படியும் பட்டார் என்பது கதை. மண் சுமந்த கடவுளுக்கு விழா எடுத்த ஊரில், தலைமுறை தலைமுறையாக மண் சுமந்தவர்களுக்கு வாசலில் இடமில்லை. கதையைச் சொன்ன யாருக்கும் இது உறுத்தவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

உறுத்தியவர்கள் இருந்தார்கள். 1897இல் கமுதியில் இதே மீனாட்சி சுந்தரேசுவரர் பெயர் கொண்ட கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேச மசோதாவைக் கொண்டுவந்தார். ராஜாஜி அரசு அதை ஆதரிக்க மறுத்தது, மசோதா தோற்றது. கோயில் நுழைவு வரலாற்றைப் பேசும்போது இந்தத் தோல்வியை ஏனோ எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு, 1939 ஜூலை 8. அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன், முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து ஆகியோரும் விருதுநகர் சண்முக நாடாரும் மீனாட்சி சன்னதிக்குச் சென்று வழிபட்டார்கள். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை, வரவேற்றார். பட்டர்களில் பலர் கொதித்தார்கள். தீட்டுக் கழிக்காமல் பூஜை செய்ய முடியாது என்று கோயிலைப் பூட்டினார்கள். பூட்டு திறக்கப்பட்டபோது வேலைக்கு வர மறுத்தார்கள். மீனாட்சி இந்தக் கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி, நகரில் வேறோர் இடத்தில் அவளுக்கு வழிபாடு நடத்தினார்கள். வழக்குகளும் நடந்தன. நுழைவை அனுமதித்தும், அனுமதித்த அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு அளித்தும் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். முதலில் உள்ளே போனவை கால்கள். பின்னால் வந்தது சட்டம். எல்லாக் கோயில்களுக்குமான சட்டம் வர 1947 ஆனது. பட்டியல் சமூகத்தினரை விடாத கோயிலுக்குள் தானும் போவதில்லை என்றிருந்த காந்தி, 1946இல்தான் மீனாட்சி கோயிலுக்கு வந்தார்.

வைத்தியநாத ஐயரின் துணிவைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. சொந்தச் சாதியின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டு அவர் நின்றார். ஆனால், உடன் நடந்தவர்கள் யார்? மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனை, பின்னாளில் உள்துறை அமைச்சரானதாலும் எளிமையாலும் நாடறியும். மற்ற நால்வரைப் பற்றி நம் மாணவர்களுக்கு ஒரு பத்தியாவது தெரியுமா? பூவலிங்கம் என்ற பெயரைச் சிலர் பூர்ணலிங்கம் என்று எழுதுகிறார்கள். உள்ளே போன பிறகு மேலே யார் பாய்வார்கள், ஊரில் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் காலடி எடுத்து வைத்த ஒருவரின் பெயரையாவது ஒழுங்காக எழுதியிருக்க வேண்டாமா?

இன்று மீனாட்சி கோயிலில் யாரும் யாரையும் சாதி கேட்டு நிறுத்துவதில்லை. நம் ஊர்களில்தான் ஜூலை 8 இன்னும் வரவில்லை. இதே மாவட்டத்தின் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்தபோது, ஆதிக்கச் சாதியினர் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைக் காலி செய்து மலையடிவாரத்துக்குப் போனார்கள். மீனாட்சி வெளியேறிவிட்டாள் என்று 1939இல் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவ்வூர் முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போக 2011 நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உள்ளே போவதோடும் முடிவதில்லை. பல ஊர்களில் இப்போது கேட்கும் பேச்சு இது: "சாமி கும்பிட யார் வேண்டாம்னு சொன்னா? தாராளமா வாங்க. வரி மட்டும் வாங்க மாட்டோம்." வெளியூர் ஆட்களுக்கு இது சலுகைபோலத் தெரியும். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் தெரியும். திருவிழா வரி நோட்டில் பெயர் இருந்தால்தான் ஊர்க்கூட்டத்தில் பேச முடியும், மண்டகப்படி கேட்க முடியும், முளைப்பாரி வரிசையில் நம் வீட்டுப் பெண்கள் நிற்க முடியும், தேர்வடத்தில் கை வைக்க முடியும், சாமி நம் தெருவுக்கும் வரவேண்டும் என்று கேட்க முடியும். வரி வாங்க மறுப்பது நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று சொல்வதுதான். பறையடிக்கவும் பந்தல் போடவும் மட்டும் நாம் அந்த ஊர்க்காரர்கள். சாமி ஊர்வலம் காலனி முக்கில் திரும்பிப் போவதைப் பார்த்து நிற்கும் ஒரு சிறுவனுக்கு, சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும் அழகை எந்தச் சொல்லால் விளக்குவது?

சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், குறிப்பாக மாணவர்கள். பொதுக் கோயிலுக்குள் நுழைவதைச் சாதியைக் காட்டித் தடுப்பது மட்டுமல்ல, கோயில் ஊர்வலத்தில் கலந்துகொள்வதையோ ஊர்வலம் நடத்துவதையோ தடுப்பதும் பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. ஊர்க் கட்டுப்பாடு, பழைய வழக்கம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அமைதிக் கூட்டம் நடத்தி இரு தரப்பையும் சமாதானமாகப் போகச் சொல்லும் அதிகாரிகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். உரிமை கேட்பவரையும் மறுப்பவரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, கடைசியில் திருவிழாவையே நிறுத்திவிடுவது தீர்வாகாது. பட்டியல் மக்கள் கேட்டதால் கொடை நின்றது என்ற பழியைத்தான் அது நம் தலையில் கட்டுகிறது.

கோயில் நிர்வாகத்திடமும் பள்ளிகளிடமும் நாம் கேட்பது பெரிதில்லை. தூண்களின் எண்ணிக்கையைச் சொல்லும் வாயாலேயே அந்த ஐந்து பேரின் பெயர்களையும் சொல்லுங்கள். ஜூலை 8 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கிராமங்களில் அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன் ஊர்க்கூட்டம் கூடும்போது, காலனி மக்கள் வரிப் பணத்தோடு போய் நிற்கட்டும். வாங்க மறுத்தால், மறுத்தவர் பெயர், நாள், இடம், பார்த்தவர்கள் யார் என்று எழுதி, காவல் நிலையத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.